மன வரைபடம் (கற்றல் உத்தி)

மன வரைபடம் என்பது ஒரு மையக் கருத்தைத் தாளின் நடுவில் எழுதி, அதனோடு தொடர்புடைய கருத்துகளைக் கிளைகளாகவும் துணைக் கிளைகளாகவும் சுற்றிலும் வரைந்து காட்டும் முறையாகும். குறிப்பெடுத்தல், திட்டமிடுதல், கட்டுரைக்குக் கருத்துத் திரட்டுதல் எனப் பல பணிகளுக்கு இது பயன்படுகிறது. மாணவர்கள் பாடங்களைத் தொகுத்துக் கொள்ளவும் தேர்வுக்கு முன் திருப்பிப் பார்க்கவும் இதைப் பயன்படுத்துகின்றனர்.

மன வரைபடம் அழகாக இருந்தால் பாடம் மனத்தில் பதிந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. புத்தகத்தைத் திறந்து வைத்துப் பார்த்து வரைவது ஒன்று. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து வரைவது வேறொன்று. இரண்டும் ஒரே மாதிரியான படத்தைத் தந்தாலும், கற்றலில் அவை தரும் பயன் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை அறிந்து பயன்படுத்தும் மாணவருக்கே மன வரைபடம் முழுப் பயன் தருகிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

அறிவைக் கிளைகளாகப் பிரித்துக் காட்டும் வழக்கம் மிகப் பழையது. அரிஸ்டாட்டிலின் வகைப்பாட்டை விளக்க, கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த போர்ஃபிரி என்னும் மெய்யியலாளர் கையாண்ட பகுப்பு முறை, பிற்காலத்தில் மர வடிவில் வரையப்பட்டு 'போர்ஃபிரியின் மரம்' எனப் பெயர் பெற்றது.

இன்று நாம் காணும் வடிவத்தையும் 'மன வரைபடம்' என்னும் பெயரையும் உலகெங்கும் பரப்பியவர் பிரித்தானிய எழுத்தாளர் டோனி புசான் (1942–2019). 1974இல் வெளிவந்த 'யூஸ் யுவர் ஹெட்' என்னும் அவருடைய நூலும், அதே பெயரில் பிபிசி ஒளிபரப்பிய தொலைக்காட்சித் தொடரும் இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தன. நடுவில் படம், அதிலிருந்து வளைந்து செல்லும் வண்ணக் கோடுகள், ஒரு கோட்டுக்கு ஒரு சொல் என்பவை அவர் வலியுறுத்திய விதிகள்.

தமிழ்நாட்டில் 2000களின் பிற்பகுதியில், அனைவருக்கும் கல்வி இயக்கத்தின்கீழ் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி முறை அறிமுகமானது. பாடத்தைப் படித்தல், புதிய சொற்களை அறிதல், மன வரைபடம் வரைதல், தொகுத்தல், வழங்குதல் என்பவை அம்முறையின் படிநிலைகளுள் அடங்கும். 'மன வரைபடம்' என்ற சொல் அரசுப் பள்ளி மாணவர்களிடையே வழக்குக்கு வர இதுவும் ஒரு காரணம்.

கருத்து வரைபடத்திலிருந்து வேறுபாடு

மன வரைபடமும் கருத்து வரைபடமும் ஒன்றெனச் சிலர் கருதுவர். கருத்து வரைபடத்தை 1970களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். புதிய செய்தியை மாணவர் முன்பே அறிந்தவற்றோடு இணைக்கும்போதுதான் பொருளுள்ள கற்றல் நிகழ்கிறது என்னும் டேவிட் ஆசுபெலின் கொள்கை அதற்கு அடிப்படை.

இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடுகள்:

- மன வரைபடத்தில் ஒரே மையம் இருக்கும். கருத்து வரைபடத்தில் பல கருத்துகள் வலைபோல் பின்னியிருக்கலாம்.
- மன வரைபடத்தின் கோடுகளில் பெரும்பாலும் தனிச்சொற்களே இருக்கும். கருத்து வரைபடத்தின் கோடுகளில் 'காரணமாகிறது', 'உள்ளடக்கியது', 'மாறுகிறது' போன்ற இணைப்புச் சொற்கள் இருக்கும்.
- மன வரைபடத்தை விரைவாக வரையலாம். கருத்து வரைபடத்துக்குக் கூடுதல் நேரமும் சிந்தனையும் தேவை.

மாணவர்கள் இரண்டையும் கலந்து பயன்படுத்துவதில் தவறில்லை. மன வரைபடத்தின் இரு கிளைகளுக்கு இடையே ஓர் அம்புக்குறி இட்டு, அதன்மேல் ஓர் இணைப்புச் சொல்லை எழுதினால் படத்தின் பயன் கூடும்.

வரையும் முறை

தேவையானவை ஒரு வெள்ளைத் தாளும் ஒரு பென்சிலும் மட்டுமே. ஒரு பக்கம் அச்சிட்ட பழைய தாளின் மறுபக்கமே போதும். வண்ணப் பேனாக்கள் இருந்தால் இரண்டு அல்லது மூன்று நிறங்கள் போதுமானவை.

1. பாடத்தின் ஒரு பகுதியை முழுமையாக ஒருமுறை படிக்கவும். படிக்கும்போது எழுத வேண்டாம்.
2. இரண்டாம் முறை படிக்கும்போது, 'இப்பகுதி எந்தக் கேள்விகளுக்கு விடை சொல்கிறது?' என்று கேட்டுக்கொள்ளவும். அக்கேள்விகளே முதன்மைக் கிளைகளாகும். நான்கு முதல் ஆறு கிளைகள் போதும்.
3. புத்தகத்தை மூடவும்.
4. தாளைக் கிடைமட்டமாக வைத்து, தலைப்பை நடுவில் எழுதவும்.
5. முதன்மைக் கிளைகளை வரைந்து, நினைவுக்கு வருவனவற்றைத் துணைக் கிளைகளாகச் சேர்க்கவும். முழு வாக்கியம் வேண்டாம். ஓரிரு சொற்கள் போதும்.
6. நினைவுக்கு வராத இடத்தை வெறுமையாக விடவும். அங்கே ஒரு கேள்விக்குறி இடவும். உடனே புத்தகத்தைத் திறக்க வேண்டாம். ஓரிரு நிமிடம் முயன்று பார்க்கவும்.
7. பிறகு புத்தகத்தைத் திறந்து ஒப்பிடவும். விட்டவற்றையும் தவறானவற்றையும் வேறு நிறத்தில் எழுதவும்.
8. கிளைகளுக்கு இடையே உள்ள தொடர்புகளை அம்புக்குறியால் இணைக்கவும்.

ஏழாம் படியில் வேறு நிறத்தில் எழுதப்பட்டவையே அந்த மாணவர் அடுத்துப் படிக்க வேண்டியவை. முதல் முயற்சியில் பாதிக்குமேல் வேறு நிறத்தில் இருந்தாலும் சோர்வடைய வேண்டியதில்லை. தேர்வு அறையில் தெரிய வேண்டிய குறை, வீட்டிலேயே தெரிந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

எடுத்துக்காட்டு: வேலூர்ப் புரட்சி

வரலாற்றுப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவில் 'வேலூர்ப் புரட்சி, 10 ஜூலை 1806' என்று எழுத வேண்டும். அதிலிருந்து ஐந்து கிளைகள் செல்லும்.

பின்னணி: 1799இல் திப்பு சுல்தான் மறைவு, அவருடைய மகன்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்படுதல்.

காரணங்கள்: புதிய வகைத் தலைப்பாகை, அதில் தோலால் ஆன சின்னம், நெற்றியில் சமயக் குறியிடத் தடை, தாடியை மழிக்க ஆணை.

நிகழ்வுகள்: அதிகாலைத் தாக்குதல்; கோட்டைத் தளபதி கர்னல் பேன்கோர்ட் கொல்லப்படுதல்; திப்புவின் கொடி ஏற்றம்; திப்புவின் மகன் பத்தே ஹைதரை அரசராக அறிவித்தல்.

அடக்குதல்: ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை, தலைமை கில்லஸ்பி, அன்றே கோட்டை மீட்பு.

விளைவுகள்: உடை தொடர்பான ஆணைகள் நீக்கம், சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத்தலைவர் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்படுதல், திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்படுதல்.

இதுவரை இது ஒரு பட்டியல்தான். புத்தகத்தில் உள்ள உட்தலைப்புகளுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அம்புக்குறிகளை இடும்போதுதான் படம் பொருள் பெறுகிறது. 'காரணங்கள்' கிளையில் உள்ள தலைப்பாகையிலிருந்து 'விளைவுகள்' கிளையில் உள்ள 'ஆணைகள் நீக்கம்' வரை ஓர் அம்பு செல்லும். 'பின்னணி'யில் உள்ள திப்புவின் மகன்களிலிருந்து 'நிகழ்வுகள்' கிளையின் பத்தே ஹைதருக்கும், அங்கிருந்து 'விளைவுகள்' கிளையின் கல்கத்தாவுக்கும் மற்றோர் அம்பு செல்லும்.

இந்த இரண்டு அம்புகளும் சேர்ந்து ஒரு பெரிய செய்தியைக் கூறுகின்றன. படைவீரர்களின் கோபம் உடை, சமயம் பற்றிய ஆணைகளால் எழுந்தது. அதற்கு ஒரு தலைமையும் அடையாளமும் கோட்டைக்குள் இருந்த திப்புவின் குடும்பத்தால் கிடைத்தது. ஆகவே அடக்கிய பிறகு ஆங்கிலேயர் இரண்டையும் நீக்கினர்: ஆணைகளைத் திரும்பப் பெற்றனர், குடும்பத்தைத் தொலைவுக்கு அனுப்பினர். 'காரணங்களை எழுதுக', 'விளைவுகளை எழுதுக' என்று தனித்தனியே மனப்பாடம் செய்த மாணவருக்கு இந்தத் தொடர்பு எளிதில் புலப்படாது.

ஒரு மாணவி புத்தகத்தை மூடி இப்படத்தை வரைகிறாள் என்று கொள்வோம். தலைப்பாகை, பேன்கோர்ட், பத்தே ஹைதர் ஆகியவை நினைவுக்கு வருகின்றன. 'அடக்குதல்' கிளையில் ஒன்றும் வரவில்லை. பெண்டிங்கின் பெயரைக் கொல்லப்பட்டவராக 'நிகழ்வுகள்' கிளையில் எழுதிவிடுகிறாள். ஒப்பிடும்போது இரண்டு குறைகளும் தெளிவாகத் தெரிந்துவிடுகின்றன. அவள் மீண்டும் முழுப் பாடத்தையும் படிக்க வேண்டியதில்லை. அடக்குதல் பற்றிய பத்தியையும் விளைவுகள் பற்றிய பத்தியையும் படித்தால் போதும்.

ஆய்வுகள் கூறுவன

மன வரைபடம், கருத்து வரைபடம் இரண்டைப் பற்றியும் பல ஆய்வுகள் நடந்துள்ளன. மருத்துவ மாணவர்கள் 50 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஓர் ஆய்வில், மன வரைபடம் வரைந்து படித்தவர்கள் ஒரு வாரத்துக்குப் பின் செய்திகளை ஓரளவு கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். ஆனால் தாங்களே விரும்பிய முறையில் படித்தவர்களைவிட அவர்களுடைய ஊக்கம் குறைவாக இருந்தது. பழக்கமில்லாத முறை தொடக்கத்தில் சுமையாகத் தோன்றும் என்பதை இது நினைவூட்டுகிறது. நெஸ்பிட், அடெசோபே ஆகியோர் 2006இல் 55 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கருத்து வரைபடங்கள் பொதுவாகக் கற்றலுக்கு உதவுகின்றன என்ற முடிவுக்கு வந்தனர்.

மாணவர்கள் முக்கியமாக அறிய வேண்டியது 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி கார்ப்பிக், ஜேனல் பிளண்ட் ஆகியோர் இதை நடத்தினர். ஒரு குழுவினர் அறிவியல் பாடப்பகுதியைப் பார்த்துக்கொண்டே கருத்து வரைபடம் வரைந்தனர். மற்றொரு குழுவினர் பகுதியைப் படித்து, பின்பு அதைப் பாராமல் நினைவுக்கு வந்ததை எழுதினர். மீண்டும் படித்து மீண்டும் எழுதினர். ஒரு வாரத்துக்குப் பிறகு வைத்த தேர்வில் நினைவிலிருந்து எழுதிய குழுவே முந்தியது. அதிக நன்மை தருவது எது என்று மாணவர்களிடம் முன்பே கேட்டபோது, அவர்களின் கணிப்பு இம்முடிவுக்கு மாறாக இருந்தது. பார்த்து வரையும்போது 'எனக்கு எல்லாம் தெரிகிறது' என்ற உணர்வு எழுகிறது. அந்த உணர்வு ஏமாற்றக்கூடியது.

இதனால் வரைபடம் பயனற்றது என்று முடிவு செய்யக் கூடாது. அதே ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், மாணவர்கள் பாடத்தைப் பாராமல் நினைவிலிருந்து வரைபடம் வரைந்தனர். அப்போது அது நினைவிலிருந்து பத்தியாக எழுதுவதற்கு இணையான பயனைத் தந்தது. எனவே குறை வரைபடத்தில் இல்லை. திறந்திருக்கும் புத்தகத்தில் இருக்கிறது.

மன வரைபடம் மூளையின் இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டையும் ஒருசேர இயக்குவதால் நினைவாற்றல் பெருகுகிறது என்று பல நூல்களில் காணலாம். தருக்கம் இடப்பக்கம், கற்பனை வலப்பக்கம் என்னும் எளிய பிரிவினையை இன்றைய நரம்பியல் ஏற்பதில்லை. மன வரைபடத்தின் பயனை விளக்க இக்கூற்று தேவையுமில்லை. செய்திகளை வகைப்படுத்துதல், தொடர்புபடுத்துதல், நினைவிலிருந்து மீட்டெடுத்தல் ஆகிய மூன்றுமே அதன் பயனுக்குக் காரணங்கள்.

திருப்பிப் பார்க்கும் முறை

வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டித் தினமும் பார்ப்பது பலரின் வழக்கம். பார்ப்பதைவிட மீண்டும் வரைவதே சிறந்தது. முதல் நாள் வரைந்த படத்தை மறுநாள் பாராமல் வரையலாம். பின்பு ஒரு வாரம் கழித்தும், தேர்வுக்கு முன்பும் வரையலாம். இரண்டாம் முறைக்குப் பத்து நிமிடம் போதும். படங்களைத் தேதியிட்டுக் கோப்பில் வைத்தால், வேறு நிற எழுத்துகள் முறைக்குமுறை குறைவதை மாணவரே காணலாம்.

தாளில் வரைய நேரமில்லாத நாள்களில் மையச் சொல்லை மட்டும் எண்ணி, கிளைகளை வாய்விட்டுக் கூறிப் பார்க்கலாம். நண்பர் ஒருவர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்க்கலாம்.

விடை எழுதுவதில் பயன்

மன வரைபடம் விடையாகாது. தேர்வில் பத்திகளாக எழுத வேண்டியிருக்கும். ஆகையால் வரைந்ததோடு நிறுத்தாமல், கிளைகளுக்கு 1, 2, 3 என வரிசை எண் இட வேண்டும். பிறகு ஒவ்வொரு கிளையையும் ஒரு பத்தியாக எழுதிப் பழக வேண்டும். மேற்கூறிய எடுத்துக்காட்டில் ஐந்து கிளைகள் ஐந்து பத்திகளாகும். கிளையின் பெயர் உட்தலைப்பாகும். அம்புக்குறிகள் 'இதன் விளைவாக', 'இதற்குக் காரணம்' என்னும் இணைப்புகளாகும்.

நெடுவினா எழுதும் முன், விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் 'உதவிக்குறிப்பு' என்று தலைப்பிட்டு ஒரு நிமிடத்தில் சிறு வரைபடம் வரைந்து, பின்னர் அதைக் கோடிட்டு அடித்துவிடலாம். தேர்வு விதிகள் இதற்கு இடம் தருகின்றனவா என்பதை ஆசிரியரிடம் முன்பே கேட்டறிய வேண்டும்.

பாடங்களுக்கேற்ற பயன்பாடு

- வரலாறு, குடிமையியல், புவியியல்: காரணம், நிகழ்வு, விளைவு, அமைப்பு, பணிகள் எனப் பிரிக்க எளிது. மிகவும் பொருந்தும்.
- உயிரியல்: வகைப்பாடு, உறுப்பு மண்டலங்கள் ஆகியவற்றுக்குப் பொருந்தும். செரிமானம் போன்ற தொடர் நிகழ்வுகளுக்குக் கிளைகளைவிட அம்புக்குறித் தொடர்ப்படம் நல்லது.
- தமிழ்: கட்டுரைக்குக் கருத்துத் திரட்டவும், இலக்கண வகைகளைத் தொகுக்கவும் உதவும். மனப்பாடச் செய்யுளுக்கு வாய்விட்டுப் படிப்பதும் பாராமல் எழுதுவதுமே வழி.
- கணிதம்: ஓர் இயலின் சூத்திரங்களையும் அவை பயன்படும் இடங்களையும் ஒரே தாளில் காண உதவும். கணக்குப் போடும் திறன் கணக்குகளைப் போட்டுப் பழகுவதால்தான் வரும்.

அடிக்கடி நேரும் தவறுகள்

வாக்கியங்களை எழுதுதல்: கிளைகளில் முழு வாக்கியங்களை எழுதினால் அது வளைந்த கோடுகளில் எழுதிய பாடப்புத்தகமே.

அலங்காரம்: எழுத்துகளுக்கு வண்ணம் தீட்டுவதில் ஒரு மணி நேரம் செலவிட்டு, நன்றாகப் படித்தோம் என்று எண்ணுதல். படம் வரையும் ஆர்வத்தைக் குறை கூற வேண்டியதில்லை. ஆனால் அந்த நேரத்தைப் படிப்பு நேரமாகக் கணக்கிடக் கூடாது.

பிறர் படத்தைப் பயன்படுத்துதல்: வழிகாட்டி நூல்களிலும் இணையத்திலும் ஆயத்தப் படங்கள் கிடைக்கின்றன. அவற்றை ஒப்பிடப் பயன்படுத்தலாம். எது முக்கியம், எது எதனோடு சேரும் என்று முடிவு செய்யும் வேலையில்தான் கற்றல் நடக்கிறது. ஆயத்தப் படத்தில் அவ்வேலையை வேறொருவர் செய்து முடித்துவிட்டார்.

ஒரே தாளில் அனைத்தும்: முழுப் புத்தகத்தையும் ஒரே படத்தில் அடக்க முயல்வது. ஓர் இயலுக்கு அல்லது ஒரு பெருவினாவுக்கு ஒரு படம் என்பதே கையாள எளிது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்

வகுப்பில் நன்றாக வரையப்பட்ட படத்துக்குக் கைதட்டல் கிடைக்கிறது. வரையத் தெரியாத மாணவர், பாடம் தெரிந்தும், தம்மைக் குறைவாக எண்ணிக்கொள்கிறார். ஆகவே படத்தின் அழகுக்கு மதிப்பெண் தராமல், கிளைகள் சரியாகப் பிரிக்கப்பட்டுள்ளனவா, தொடர்புகள் காட்டப்பட்டுள்ளனவா, தவறுகள் திருத்தப்பட்டுள்ளனவா என்பவற்றைப் பார்ப்பது நல்லது. கரும்பலகையில் ஆசிரியர் வரைந்ததை அப்படியே நோட்டில் எழுதச் சொல்வதைவிட, நடுச்சொல்லை மட்டும் எழுதிவிட்டு மாணவர்களிடம் கிளைகளைக் கேட்கலாம்.

வீட்டில் பெற்றோர் பாடம் அறிந்தவராக இருக்க வேண்டியதில்லை. பிள்ளை வரைந்த படத்தில் ஏதாவது ஓர் அம்புக்குறியைக் காட்டி, 'இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?' என்று கேட்டால் போதும். பிள்ளை தயங்காமல் விளக்கினால் அந்தப் பகுதி புரிந்திருக்கிறது என்று கொள்ளலாம். தயங்கினால், மீண்டும் படிக்க வேண்டிய இடம் அதுவே.